நெரவியின் சைகோன் வீடுகளும் ஒரு தலைவரின் திருத்தமும்



காரைக்கால் நகரிலிருந்து தெற்கே அரசலாற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றால் நெரவி. ஒருபுறம் காவிரியின் கடைமடை வயல்கள். மறுபுறம் கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கும் தென்னைகள். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் தன் காவிரிப் படுகை அலுவலகத்தை இங்கே அமைத்திருப்பதால் வெளியூர் வாகனங்களுக்குக் குறைவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து என்னும் பிரெஞ்சுக் காலத்துப் பெயர் இன்றும் அரசாங்கப் பலகைகளில் இருக்கிறது. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும்போது தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நுழையும் சிறுவர்களைப் பார்த்தால், இதுவும் நம் சோழமண்டலக் கரையின் எத்தனையோ ஊர்களில் ஒன்றே என்று உங்களுக்குத் தோன்றும்.

ஆனால் இந்தப் பகுதியின் முதியவர்களிடம் சற்று அமர்ந்து பேசிப் பாருங்கள். இன்று வளைகுடா நாடுகளின் பெயர்கள் நம் வீடுகளில் புழங்குவதுபோல, ஒரு காலத்தில் இங்கே புழங்கிய ஊர்ப்பெயர் சைகோன். "அவர் சைகோன்காரர் வீட்டுப் பிள்ளை" என்று சொன்னால் அது ஓர் அடையாளம். சபராளி அங்கே, குடும்பம் இங்கே. கடிதமும் பணமும் கப்பலில் வரும். பிள்ளை பிறந்த செய்தி தகப்பனுக்கு எட்டுவதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைத்து முடிந்திருக்கும்.

அண்மையில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின், எழுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கணக்குப் புத்தகம். அதன் கடைசிப் பக்கம் பாதியில் நின்றிருந்தது. "அத்தா 78ல கடையைப் பூட்டிட்டு வந்தாங்க தம்பி. 86ல அதே சர்க்கார், யார் வேணும்னாலும் கடை தொறக்கலாம்னு சொல்லிட்டாங்களாம். எட்டு வருஷம். எட்டே வருஷம்! அப்ப தப்புன்னு சொன்னது இப்ப எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல இயலவில்லை. பதில் நெரவியில் இல்லை, வியட்நாமில் இருக்கிறது. எனவே, வாசகர்களே, சற்று நேரம் என்னுடன் கடல் கடந்து வாருங்கள்.

கடலுக்கு அப்பால் ஒரு கடைத்தெரு

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1859இல் அவர்கள் சைகோனைப் பிடித்தார்கள். இரண்டும் ஒரே கொடியின் கீழ் வந்தபின், புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்குச் சைகோன் அயல்நாடாகத் தோன்றவில்லை. கொழும்பு, சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறினால் சென்று சேரலாம். அங்கே அரசு அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும், வரி வசூல் அதிகாரிகளாகவும், காவல் துறையிலும் நம்மவர்கள் பணியாற்றினார்கள்.

இங்கே ஒரு நுட்பமான செய்தியைக் கவனியுங்கள். 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தங்கள் சமயத்தின் தனிச்சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போருக்குப் பிரெஞ்சுக்காரருக்குரிய சலுகைகள் கிடைக்கும் என்றது அந்த ஆணை. பலர் ஏற்றார்கள்; உத்தியோகம் பெற்றார்கள். முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நிக்காஹ், வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் பதவி வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களுக்கு வியாபாரம் இருந்தது. சைகோனின் புகழ்பெற்ற கத்தினா வீதியிலும் அதையொட்டிய தெருக்களிலும் துணிக்கடைகளும் பட்டுக்கடைகளும் வைத்தவர்களில் காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர் பகுதி முஸ்லிம்கள் பலர். கத்தினா வீதிக்கு இன்று டோங் கோய் வீதி என்று பெயர்.

அந்த வீதிக்கு அருகே, டோங் து தெருவில், 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியெழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. வெள்ளையும் நீலமுமான மினாராக்கள், நிழல் தரும் முற்றம், ஒளுச் செய்வதற்கான நீர்த்தொட்டி. வானளாவிய ஓட்டல் கட்டடங்களின் நடுவே அது ஒரு சோழமண்டலத்துப் பள்ளியைப் போலவே அமைதியாக இருக்கிறது. நம் பாட்டன்மார் விற்ற ஒவ்வொரு முழத்துணியின் இலாபத்திலும் ஒரு பங்கு அந்தச் சுவரில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

1954ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே மாதம் தியன் பியன் பூ என்னும் இடத்தில் வியட்நாமியரிடம் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் காரைக்காலும் புதுச்சேரியும் இந்தியாவின் நிர்வாகத்தில் வந்தன. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. ஆக, ஆறு மாத இடைவெளியில் கடலின் இரு கரைகளிலும் பழைய கொடி இறங்கியது. நடுவில் இருந்த சபராளி யாருடைய குடிமகன் என்பதே கேள்வியாயிற்று.

வியாபாரத்துக்கு முதல் அடி கம்யூனிஸ்டுகளிடமிருந்து வரவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். தென் வியட்நாமை ஆண்ட நோ டின் டியம், கம்யூனிஸ எதிர்ப்பாளர். அவருடைய அரசுதான் 1956 செப்டம்பரில் வெளிநாட்டவருக்குப் 11 தொழில்களைத் தடை செய்தது. சீனர்களைக் குறிவைத்த அந்தச் சட்டத்தில் துணி வியாபாரமும் சேர்ந்திருந்ததால் நம்மவர்களையும் அது தாக்கியது. சிலர் அன்றே திரும்பினார்கள். சிலர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றும், உள்ளூர்ப் பெண்களை மணந்தும் அங்கேயே வேரூன்றினார்கள்.

பூட்டப்பட்ட கடைகள்

1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. வட வியட்நாமின் கம்யூனிஸ்டுப் படைகள் நகருக்குள் நுழைந்தன. முப்பது ஆண்டு யுத்தம் முடிந்தது. இலட்சக்கணக்கான உயிர்களைப் பறித்த யுத்தம் அது. அந்த வகையில் அது வியட்நாமியருக்கு விடுதலை நாள் என்பதை மறுக்க முடியாது. 1976 ஜூலையில் இரு பகுதிகளும் ஒரே நாடாயின. சைகோன், ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறியது.

ஆனால் வென்றவர்கள் அவசரப்பட்டார்கள். வடக்கில் இருபது ஆண்டுகளில் செய்ததைத் தெற்கில் இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்து முடிக்க விரும்பினார்கள். 1975 செப்டம்பரில் 500 பழைய டாங்குக்கு 1 புதிய டாங் என்று நாணயம் மாற்றப்பட்டது. ஒரு குடும்பம் மாற்றக்கூடிய தொகைக்கும் வரம்பு இருந்தது. 1978 மார்ச் 23ஆம் நாள் தெற்கில் தனியார் வியாபாரம் முழுவதும் ஒழிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கடைகளின் சரக்குகள் கணக்கெடுக்கப்பட்டன. மே 3ஆம் நாள் மீண்டும் நாணய மாற்றம். பெட்டியில் இருந்த பணம் காகிதமாயிற்று.

சீன வம்சாவளியினரும் வியட்நாமியரும் இலட்சக்கணக்கில் படகேறிக் கடலில் இறங்கினார்கள். எத்தனையோ பேர் கடலிலேயே மௌத்தானார்கள். எஞ்சியிருந்த தமிழர்களும் கிடைத்த வழியில் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். நெரவிப் பெரியவர் காட்டிய கணக்குப் புத்தகம் பாதியில் நின்றது அப்போதுதான்.

சரி, வியாபாரியின் கடையைப் பூட்டியதால் ஏழைக்குச் சோறு கிடைத்ததா? இல்லை. மேக்கோங் டெல்டா நம் காவிரி டெல்டாவைப் போலப் பன்மடங்கு பெரிய நெற்களஞ்சியம். அங்கே நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாக்கி, நெல்லை அரசு குறித்த அற்ப விலைக்குக் கட்டாயக் கொள்முதல் செய்தார்கள். தஞ்சை மண்ணில் பிறந்த எவருக்கும் இதன் விளைவு விளங்கும். தன் களத்து நெல் தனக்கில்லை என்றால் விவசாயி ஏன் முதுகொடிய உழைக்கப்போகிறான்? விளைச்சல் குன்றியது. நெல் விளையும் நாடு தானியத்தை இறக்குமதி செய்தது. 1986இல் விலைவாசி ஒரே ஆண்டில் 774 சதவீதம் உயர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 100 டாங்குக்கு வாங்கிய பொருளுக்கு ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 870 டாங் கொடுக்கவேண்டும் என்று பொருள்.

திருத்த வந்தவர்

இந்தச் சூழலில்தான் நுயென் வான் லின் என்னும் மனிதர் முன்னுக்கு வருகிறார். 1915இல் பிறந்தவர். பதின்பருவத்திலேயே பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் புலோ கொண்டோர் தீவுச் சிறைக்குச் சென்றவர். பின்னர் மீண்டும் ஒருமுறை அதே சிறை. வாழ்நாளில் பெரும்பகுதியைத் தெற்கில் தலைமறைவுப் போராட்டத்தில் கழித்ததால், சைகோன் வியாபாரத்தின் நாடித்துடிப்பை அறிந்திருந்தார். தெற்கின் தனியார் தொழில்களை மாற்றியமைக்கும் குழுவுக்கு முதலில் அவரே பொறுப்பு. நிதானமாகச் செய்யவேண்டும் என்றார். 1978இல் அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விலக்கி, டோ முவோய் என்பவரிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் நடந்ததைத்தான் மேலே பார்த்தோம். 1982இல் கட்சியின் உயர்பீடமான அரசியல் குழுவிலிருந்தும் லின் நீங்கவேண்டியதாயிற்று.

ஆயினும் ஹோ சி மின் நகரக் கட்சிச் செயலாளராக அவர் இருந்தார். மூலப்பொருளின்றி மூடிக் கிடந்த ஆலைகள் சந்தை விலையில் வாங்கவும் விற்கவும் அவர் இடம்கொடுத்தார். விதிப்படி இது குற்றம். அங்கே இதற்கு 'வேலி தாண்டுதல்' என்று பெயர். 1983இல் மலைநகரான தலாத்தில் ஓய்வெடுக்க வந்த மூத்த தலைவர்களிடம் தொழிற்சாலை மேலாளர்களை நேரில் அழைத்துச் சென்று, நடப்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்தார். 1985இல் மீண்டும் அரசியல் குழுவில் இடம்பெற்றார். 1986 ஜூலையில் நெடுங்காலத் தலைவர் லே ஸுவான் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் கூடிய கட்சியின் ஆறாவது மாநாடு, தலைமையின் தவறுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, லின்னைப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. 'டோய் மோய்', அதாவது புதுப்பித்தல், என்னும் சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று.

உள்நாட்டில் அவர் காலத்தில் நடந்தவற்றில் மூன்றைச் சொன்னால் போதும்.

முதலாவது, நிலம். 1988 ஏப்ரலில் வந்த பத்தாம் தீர்மானம், கூட்டுப் பண்ணை நிலத்தை 15 ஆண்டுகள் வரை குடும்பங்களிடம் ஒப்படைத்தது. அரசுக்குரியதைக் கொடுத்தபின் மிஞ்சியதைச் சந்தையில் விற்கலாம். விளைச்சலில் 40 சதவீதம் அளவாவது உழுதவனுக்கு நிற்கவேண்டும் என்றும் வகுத்தது. அவ்வாண்டு வசந்த காலத்தில் வடபகுதி மாவட்டங்களில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மறு ஆண்டே, 1989இல், அந்நாடு சுமார் 14 இலட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்து, தாய்லாந்து, அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. நிலமும் வானமும் ஆறும் அவையேதான். மாறியது உழைத்தவனின் உரிமை ஒன்றே.

இரண்டாவது, சந்தை. குடும்பத் தொழிலும் தனியார் கடையும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டன. 1987 டிசம்பரில் வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் வந்தது. அரசு விலை ஒன்று, சந்தை விலை ஒன்று என்றிருந்த இரட்டை விலைமுறை 1989இல் பெரும்பாலும் எடுக்கப்பட்டது. நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு நபிமொழி நினைவுக்கு வரும். மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள்; யாருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராக அல்லாஹ்வைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்பது அதன் கருத்து. அதே நாயகம் (ஸல்) அவர்கள் பதுக்கலையும் மோசடியையும் கண்டித்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. விலையைக் கட்டாயப்படுத்துவதும் அநீதியாகலாம். விலங்கில்லாத பேராசையும் அநீதியே. மார்க்கம் நடுவழியைக் காட்டுகிறது.

மூன்றாவது, வாய்மை. 1987 மே 25 முதல் கட்சியின் நாளேடான 'நான் டான்' பத்திரிகையில் 'உடனே செய்யவேண்டியவை' என்னும் தலைப்பில் சிறு பத்திகள் வந்தன. ஊழல், வீண்செலவு, அதிகாரிகளின் அலட்சியம் ஆகியவற்றை அவை நேரடியாகச் சாடின. கையொப்பம் என்.வி.எல். என்ற மூன்று எழுத்து மட்டுமே. எழுதியவர் லின்தான் என்று நாடறிந்தது. 'சொல், செய்' என்ற பொருள் தரும் வியட்நாமியச் சொற்களின் முதலெழுத்துகளாகவும் மக்கள் அவற்றைப் படித்துக்கொண்டார்கள்.

அண்டை வீட்டாரோடு சமாதானம்

உள்வீட்டைத் திருத்தினால் மட்டும் போதாது. அண்டை வீட்டாரோடு பகையிருந்தால் அடுப்பு நிம்மதியாக எரியாது. 1978 டிசம்பரில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்து, 1979 ஜனவரியில் போல் பாட் ஆட்சியை விரட்டியது. அந்தக் கொடிய ஆட்சி கொன்று குவித்தவர்களில் சாம் இன முஸ்லிம்கள் ஏராளம். பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன, குர்ஆன் பிரதிகள் எரிக்கப்பட்டன. எனவே அந்த ஆட்சி ஒழிந்தது நல்லதே. ஆனால் விரட்டிய படை பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டது. 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமின் வட எல்லையைத் தாக்கியது. அமெரிக்கா வணிகத் தடையைத் தொடர்ந்தது. தென்கிழக்காசிய நாடுகள் விலகி நின்றன. சோவியத் உதவியும் இந்தியா போன்ற சில நாடுகளின் நட்புமே எஞ்சின.

1988 மே மாதத்தில் அரசியல் குழு எடுத்த முடிவின் சாரம் இது: நண்பர்களைக் கூட்டு, பகைவர்களைக் குறை. 1989 செப்டம்பரில் கம்போடியாவிலிருந்து படைகள் திரும்பின. 1990 செப்டம்பரில் லின் இரகசியமாகச் சீனாவின் செங்டு நகருக்குச் சென்று சீனத் தலைவர்களைச் சந்தித்தார். 1991 நவம்பரில் இரு நாட்டு உறவு சீரானது. அப்போது லின் பதவியில் இல்லை. அவர் தொடங்கிய பாதையிலேயே 1995 ஜூலையில் அமெரிக்காவுடன் தூதரக உறவும், அதே மாதம் ஆசியான் அமைப்பில் உறுப்புரிமையும் வந்தன. அவருடைய இந்திய வருகையும் நினைவுகூரத்தக்கது. 1989ஆம் ஆண்டுக் குடியரசு நாள் விழாவில் டில்லியில் சிறப்பு விருந்தினராக அமர்ந்திருந்தவர் இந்த நுயென் வான் லின்தான். அன்று வானொலியில் அந்தப் பெயரைக் கேட்ட சைகோன் சபராளிகளும் இந்தக் கரையோர வீடுகளில் இருந்திருப்பார்கள்.

எல்லை எங்கே நின்றது?

இவ்வளவும் சொன்னபின் அவரைப் புனிதராக்கிவிடக் கூடாது. அன்றைய பத்திரிகைகள் அவரை 'வியட்நாமின் கோர்பச்சேவ்' என்று எழுதின. ஒப்புமை பாதிதான் பொருந்தும். கோர்பச்சேவ் சோவியத் நாட்டில் பேச்சுரிமையை முதலில் திறந்தார். பொருளாதாரத்தைச் சீராக்க முடியவில்லை. 1991 டிசம்பரில் அந்நாடே கலைந்தது. லின் சோற்றுப்பானையை முதலில் கவனித்தார். வாய்ப்பூட்டைச் சற்றே தளர்த்தி மீண்டும் இறுக்கினார். 1987 அக்டோபரில் எழுத்தாளர்களைச் சந்தித்துத் துணிந்து எழுதுங்கள் என்றவரின் ஆட்சியில்தான், 1988இல், அவ்வாறு துணிந்து வெளியிட்ட இலக்கிய வார இதழின் ஆசிரியர் நீக்கப்பட்டார். பல கட்சி ஆட்சி பற்றிப் பேசிய அரசியல் குழு உறுப்பினர் ட்ரான் சுவான் பாக் 1990 மார்ச்சில் வெளியேற்றப்பட்டார். அந்நாட்டில் இன்றும் ஒரு கட்சி ஆட்சியே நடக்கிறது. கடை திறக்கலாம், ஆட்சியை எதிர்த்து ஒரு கட்சி திறக்க முடியாது.

1991 ஜூனில் லின் பதவியிலிருந்து விலகினார். அவருக்குப்பின் பொதுச்செயலாளர் ஆனவர் யார் தெரியுமா? 1978இல் கடைகளைப் பூட்டும் பணியை முன்நின்று நடத்திய அதே டோ முவோய். அவரும் புதுப்பித்தல் பாதையையே தொடர்ந்தார். மனிதரைவிட வழி பெரிதாகிவிட்டது. லின் 1998 ஏப்ரலில் காலமானார்.

திண்ணைக்குத் திரும்புவோம்

மறுமுறை நெரவி சென்றபோது இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அந்த ஆள் அன்னைக்கே நிதானமாப் போங்கன்னு சொல்லியிருக்காரு, கேக்கல" என்றார். பிறகு கணக்குப் புத்தகத்தைப் புரட்டி ஓரிடத்தைக் காட்டினார். ஒரு தொகை கோடிட்டு அடிக்கப்பட்டு, கீழே சரியான தொகை எழுதப்பட்டிருந்தது. "அத்தா சொல்வாங்க: கணக்குல தப்பு விழுந்தா தாளைக் கிழிக்காதே. தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும். அப்பதான் கணக்கு."

வாசகர்களே, அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. அன்று தவறு என்றது இன்று சரியானதாக மாறவில்லை. அன்று செய்ததே தவறு, பின்னர் திருத்தினார்கள். தவ்பாவின் முதல் நிபந்தனை தவற்றைத் தவறென்று ஒப்புக்கொள்வது என்று நம் உலமாக்கள் கற்பிக்கிறார்கள். இறைவனையே ஏற்காத கொள்கையுடைய ஒரு கட்சி, பசித்த மக்களின் முன்னால் அந்த முதல் படியை ஏறியது. ஆனால் நம் மார்க்கத்தில் தவ்பாவுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: மனிதனின் ஹக்கைப் பறித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பூட்டிய கடைகளுக்கும், கடலில் மூழ்கிய படகுகளுக்கும் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. நாட்டைத் திருத்திய தலைவரைப் பாராட்டும் அதே நாவினால் இதையும் சொல்வதே நீதி.

பெரிய தலைவர்களுக்கு மட்டுமா இந்தப் பாடம்? கூட்டு வியாபாரத்தில் தம்பியின் பங்கை மறந்த அண்ணன், சகோதரிக்குரிய வாரிசுப் பங்கைத் தராமல் காலம் கடத்திய குடும்பம், ஜமாஅத்துப் பொறுப்பில் எடுத்த தவறான முடிவைக் கௌரவத்துக்காகக் கட்டிக்காக்கும் நிர்வாகி என எல்லாருக்கும் இது பொருந்தும். எட்டு ஆண்டு தாமதமான திருத்தம் ஒரு தலைமுறையின் கடையை மீட்கவில்லை. திருத்தம் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு பேர் பிழைக்கிறார்கள்.

இன்னொன்றையும் நெரவி நமக்குச் சொல்கிறது. இன்று நம் பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். சம்பாதிக்கும் நாட்டின் சட்டம் ஒரே அறிவிப்பில் மாறலாம் என்பதைச் சைகோன் சபராளிகள் அனுபவித்து அறிந்தார்கள். அந்த நாட்டின் வரலாற்றையும் அரசியலையும் அறிந்துகொள்ளுங்கள்; உள்ளூர் மக்களோடு நல்லுறவு வையுங்கள்; எல்லாச் சேமிப்பையும் ஒரே பெட்டியில் பூட்டாதீர்கள். ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். அதைத் திறந்து காட்டிக் கதை சொல்லும் முதியவர் உயிரோடிருக்கும்போதே பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நெரவியைவிட்டுப் புறப்படும்போது அஸர் பாங்கு ஒலித்தது. டோங் து தெருப் பள்ளிவாசலிலும் இன்று ஐவேளையும் பாங்கு ஒலிக்கிறது. சாம் முஸ்லிம்களும், மலேசிய, இந்தோனேசியப் பயணிகளும், வேலைக்குப் போன நம் நாட்டவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கடைகள் போயின, பெயர்ப்பலகைகள் போயின, வீதியின் பெயரே போயிற்று. அல்லாஹ்வுக்காகக் கட்டியது மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

அதைக் கட்டியவர்களின் மண்ணறைகளை, அவை இந்தக் கரையில் இருந்தாலும் அந்தக் கரையில் இருந்தாலும், அல்லாஹ் ஒளியால் நிரப்புவானாக! தவற்றை உணர்ந்து காலத்தில் திருத்திக்கொள்ளும் உள்ளத்தை நமக்கும் நம்மை ஆள்வோருக்கும் தருவானாக! ஆமீன்.